புல் அறுத்த வாசனையில் வெண்டைச் செடி விழித்துக்கொள்ளுமா?

கேள்வி: மண்டோர் மகள், குளுவாங்

வணக்கம். செடி வளர்க்கிறவர்களும் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களும் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீடு குளுவாங்கில் ஒரு தாமானில் கடைசி வரிசை. பின்வேலிக்கு அப்பால் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனைதான். கொல்லையில் வெண்டை, கத்திரி, கொஞ்சம் தக்காளி, வேலியோரம் பயற்றங்காய், மூலையில் ஒரு கறிவேப்பிலை. விற்க இல்லை. எங்கள் வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் காய் கிடைத்தால் போதும்.

அப்பா ஓய்வு பெற்ற மண்டோர், அதாவது எஸ்டேட்டில் ஆட்களை மேற்பார்த்தவர். பால்மரம் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகும் அதே எஸ்டேட்டில் இருந்தவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வெண்டை நாலைந்து இலை விட்டதும் வரிசைகளுக்கு நடுவே வளர்ந்திருக்கும் புல்லைக் கையரிவாளால் அறுத்து, வாரிக் கொட்டாமல் அங்கேயே செடியை ஒட்டிப் போட்டுவிடுவார். அது காய்ந்து வாசம் போனதும் மறுபடி அறுப்பார். "இந்தப் புல்லு மணம் பட்டு வளர்ந்த செடியில புழு கொறச்சலாத்தான் இருக்கும்" என்பார். யார் சொன்னது என்று கேட்டால், "நான் சொல்றேன்" என்பார், அவ்வளவுதான்.

நானும் கவனித்துப் பார்த்துவிட்டேன். அவர் கை படுகிற நடு வரிசைகளில் இலை ஓரளவு முழுசாக இருக்கிறது. வேலியோரம் அவரால் குனிய முடியாது, புல்லும் அப்படியே நிற்கிறது. அங்கே இலையெல்லாம் சல்லடை. வேலிதான் காரணமா, நிழல்தான் காரணமா, அல்லது அப்பா சொல்வதுபோல் அறுத்த புல் வாசனைதான் காரணமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு கத்திரிச் செடியில் புழு விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனசோடு மருந்து பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். யூனியில் படிக்கும் அவருடைய மகளோ, "ஆன்ட்டி, அடிபட்ட செடி வாசனை விட்டுப் பக்கத்துச் செடிகளைத் தயார்படுத்தும், அதைப் பிடுங்காதீங்க" என்கிறாள். பிடுங்கவா, விடவா, மருந்து அடிக்கவா?

அப்பா சொல்வதைக் கிழவர் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: உயிரியல் ஆசிரியை, பத்து பகாட்

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அப்பா செய்வதைப் போலவே ஜப்பானில் சோயா வயலில் செய்து பார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். கோல்டன்ராட் என்ற களையை வெட்டி, சோயாச் செடிகள் சின்னதாக இருக்கும்போது இரண்டு மூன்று வாரம் அந்த வாசனை படும்படி வைத்தார்கள். அப்படி வளர்ந்த செடிகளில் பிற்பாடு இலைச் சேதமும் குறைவு, விதைச் சேதமும் குறைவு. களை வேறு, பயிர் வேறு. ஆனால் இளஞ்செடிப் பருவத்தில் வெட்டிய களையின் வாசனை என்பது அப்படியே உங்கள் அப்பாவின் முறை.

புல்லை அறுக்கும்போது எழும் அந்தப் பச்சை வாசனை எங்கிருந்து வருகிறது தெரியுமா? இலையின் செல் கிழிந்ததும் அதன் சவ்விலுள்ள கொழுப்பு அமிலம் உடைகிறது. சில நொடிகளில் ஆறு கார்பன் கொண்ட சிறு மூலக்கூறுகள் உண்டாகிக் காற்றில் ஏறிவிடுகின்றன. ஹெக்ஸெனால், ஹெக்ஸெனோல் என்று பெயர்கள் போகும். புல், வெண்டை, கத்திரி, காட்டுக்கொடி எதைக் கிழித்தாலும் ஏறக்குறைய இதே சரக்குதான் வெளியே வரும். ஒரு செடி விட்ட வாசனை வேறு இனச் செடிக்கும் உறைப்பது இதனால்தான்.

சரி, மூக்கில்லாத செடி இதை எப்படி உணர்கிறது? 2023-இல் சைட்டாமா பல்கலைக்கழகத்தில் மசாட்சுகு டொயோட்டாவின் குழு இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தது. செல்லுக்குள் கால்சியம் கூடினால் ஒளிரும்படி மாற்றிய அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வகச் செடிகளை எடுத்துக்கொண்டார்கள். புழுக்கள் தின்றுகொண்டிருந்த இலைகளின் காற்றை அவற்றின்மேல் செலுத்தினார்கள். புழுவே படாத செடியின் இலைகள் ஒளிர ஆரம்பித்தன! முதலில் எழுந்தவை இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்கள், அப்புறம் உள்ளே இருக்கும் செல்கள். இலைத்துளையை மூடவைத்துவிட்டுச் செய்தபோது அந்த எழுச்சி மங்கிப்போனது. மூச்சு போகிற வழியாகத்தான் வாசனையும் உள்ளே போகிறது. இந்தக் காணொளியை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் காட்டுகிறேன். வகுப்பில் சத்தமே இருக்காது.

உள்ளே போன பிறகு என்ன ஆகிறது என்பது இன்னும் பழைய கதை. 1990-இல் அமெரிக்காவில் ஃபார்மர், ரயான் என்ற இருவர் சேஜ்பிரஷ் என்னும் புதர்ச்செடியின் கிளையையும் தக்காளிச் செடியையும் ஒரே மூடிய பாத்திரத்துக்குள் வைத்தார்கள். சேஜ்பிரஷ் விடும் மீத்தைல் ஜாஸ்மோனேட் என்ற வாசனைப் பொருள் பட்டதும், தக்காளி இலை புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளைச் சுரக்கத் தொடங்கியது. அந்த இலையைத் தின்னும் புழுவுக்கு வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. வளர்ச்சி குன்றிப்போகும்.

தக்காளி இதைவிடவும் ஒரு வேலை செய்கிறது. பக்கத்தில் கடிபட்ட செடி விட்ட ஹெக்ஸெனோலை உள்ளே இழுத்து, அதோடு சர்க்கரையைக் கோத்து, புழுவுக்கு ஆகாத பொருளாக மாற்றி வைத்துக்கொள்கிறது. 2014-இல் இதுவும் ஜப்பானியர்கள் கண்டுபிடித்ததுதான். அவர்கள் வைத்துப் பார்த்த புழு ஸ்போடாப்டெரா லிட்டுரா, நம் ஊர்க் காய்கறித் தோட்டத்தில் ராத்திரியில் வந்து தின்னும் அதே புழு. செடிக்கு எச்சரிக்கை மட்டும் காற்றில் வருவதில்லை, ஆயுதத்துக்கான மூலப்பொருளும் சேர்ந்தே வருகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.


பதில்: ஓய்வு பெற்ற கண்டக்டர், குளுவாங்

தங்கச்சி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. நானும் இந்தப் பக்கத்து எஸ்டேட்களில் ஃபீல்டு கண்டக்டராக இருந்தவன்தான். டீச்சரம்மா செடிக்குள் நடப்பதைச் சொல்லிவிட்டார். நான் செடிக்கு வெளியே நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பம்ப் தூக்கிய அண்ணன் கெடுக்கப்போவது அதைத்தான்.

முதலில் ஒரு சங்கதி. நம் குளுவாங்குக்கும் வாசனைக்கும் பெரிய தொடர்பு உண்டு. என் அம்மா செம்பனையில் பூத்தூள் அடிக்கும் வேலை செய்தவர். மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, பெண் பூக்குலை ஒவ்வொன்றாகத் தேடிப் போய் ஊதிவிட வேண்டும். முள் குத்தாத நாள் கிடையாது. 1981-இல் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனில் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த சிறு வண்டைக் கொண்டுவந்து, இங்கே மாமோர் எஸ்டேட்டில் விட்டார்கள். செம்பனை ஆண் பூ விரியும்போது சோம்பு வாசனை வருமே, அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வண்டு மரம் மரமாகப் போகிறது. கொஞ்ச காலத்தில் பூத்தூள் அடிக்கும் வேலையே இல்லாமல் போனது. இந்த நாட்டுச் செம்பனை காய்ப்பதே ஒரு வாசனையை நம்பித்தான். அதனால் செடி வாசனை விட்டு வேலை வாங்குகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு ஆச்சரியம் வராது.

இப்போது புழு விஷயத்துக்கு வருகிறேன். செம்பனையில் ஊலாட் புங்குஸ் என்று ஒன்று உண்டு. இலைத் துணுக்குகளைத் தைத்துப் பை செய்து, அதற்குள் தொங்கிக்கொண்டே தின்னும் புழு. முற்றினால் மட்டையெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் காய்ந்து தொங்கும். 2013-இல் அரசாங்கமே இதை ஆபத்தான பூச்சி என்று அறிவித்தது. ஆனால் இந்தப் புழு பெரிய தொல்லையாக உருவெடுத்த கதையை எஸ்டேட்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-களில் பி. ஜே. வுட் என்ற ஆராய்ச்சியாளர் மலாயாத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிவைத்தார். எந்தெந்தத் தோட்டத்தில் நீண்ட நாள் நிற்கும் கடும் மருந்தைக் கண்டபடி அடித்தார்களோ, அங்கேதான் புழு வெடித்துப் பெருகியது. பைக்குள் இருந்த புழு தப்பித்துக்கொண்டது. அதன்மேல் முட்டையிட்டுக் கொல்லும் குளவிகள் மருந்தில் செத்துப்போயின.

அந்தக் குளவிகளை நீ பார்த்திருப்பாய், கொசு அளவுதான் இருக்கும். நம்மைக் கொட்டாது. இவ்வளவு பெரிய பச்சைக் காட்டுக்குள் ஒரு விரல் நீளப் புழு எங்கே இருக்கிறது என்று அவை எப்படிக் கண்டுபிடிக்கும்? 1990-இல் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் என்று மூன்று பேர் சோளத்தில் இதைக் காட்டினார்கள். இலையை நாம் கிழித்தால் புல் வாசனை மட்டும் வந்து நின்றுவிடும். கிழித்த இடத்தில் புழுவின் எச்சிலைத் தடவினால் சில மணி நேரம் கழித்து வேறொரு வாசனை கிளம்புகிறது. குளவி அதைத் தேடித்தான் வருகிறது. அறுத்தது அரிவாளா, கடித்தது புழுவா என்று செடிக்குத் தெரிகிறது, தங்கச்சி. அந்த எச்சிலில் இருக்கும் பொருளையும் 1997-இல் பிரித்தெடுத்து வாலிசிட்டின் என்று பெயர் வைத்தார்கள்.

நான் வேலையில் இருந்தபோது தோட்டப் பாதையோரம் டர்னெரா நடச் சொல்வார்கள். காலையில் விரிந்து மதியத்தில் சுருங்கிவிடும் வெளிர் நிறப் பூ. ஆன்டிகோனன் கொடியும் மஞ்சள் பூ காசியாவும் நடுவோம். துரைமார் அழகுக்காக நடுகிறார்கள் என்று ஆட்கள் நினைத்தார்கள். அந்தக் குளவிகளுக்குத் தேன் வேண்டும், அதற்காக நட்டது. செடி வாசனை விட்டு ஆளைக் கூப்பிடுகிறது, வருகிற ஆளுக்குச் சாப்பாடு நாம்தான் போட வேண்டும்.

அதனால் அந்த அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லி பம்பைத் திருப்பி அனுப்பிவிடு. கத்திரியில் இருக்கும் புழுவைக் கையால் பொறுக்கு. அப்படியும் தாங்காவிட்டால் பி.டி. (Bt) என்கிற பேசில்லஸ் பாக்டீரியா மருந்து போதும். தின்கிற புழுவைத்தான் அது கொல்லும், குளவியை விட்டுவிடும்.


பதில்: உரக்கடைக்காரன், லாபிஸ்

நான் மருந்து விற்கிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டே நான் எழுதுவதைப் படியுங்கள். ஆனால் இந்த விஷயத்தை ஆசையாகப் படித்துவருகிறேன், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மரங்கள் ஒன்றையொன்று எச்சரிக்கின்றன என்று முதலில் 1983-இல்தான் எழுதினார்கள். டேவிட் ரோட்ஸ் வில்லோ மரத்தில் சொன்னார். பால்ட்வினும் ஷுல்ட்ஸும் பாப்லர், மேப்பிள் நாற்றுகளில் சொன்னார்கள். பத்திரிகைகள் எல்லாம் தூக்கிவைத்துக் கொண்டாடின. உடனே மற்ற விஞ்ஞானிகள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ரோட்ஸின் புழுக்களுக்கு நோய் பரவியிருக்கலாமே, அதனால் பக்கத்து மரத்திலும் புழு மெலிந்திருக்கலாமே என்றார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் இந்தப் பேச்சையே பலர் தொடவில்லை.

பிற்பாடு கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் கார்பன் வெட்டவெளியில் செய்து காட்டியதை நான் ஏற்றுக்கொள்கிறேன். சேஜ்பிரஷ் கிளையை வெட்டினால் பக்கத்துக் கிளையில் சேதம் குறைகிறது, வெட்டிய கிளையைப் பையால் மூடி வாசனையை அடைத்தால் குறையவில்லை. இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. ஆனால் எவ்வளவு தூரம் வேலை செய்தது என்று பாருங்கள், 60 சென்டிமீட்டர். இரண்டு அடிதான்! அதற்கு அப்பால் காற்று வாசனையைக் கலைத்துவிடுகிறது. ஓசோனும் டீசல் புகையும் இந்த வாசனைகளை உடைக்கும். செம்பனை லாரி ஓடும் ரோட்டோரம் வீடு என்றால் இன்னும் மோசம்.

அக்காவின் கொல்லைக்கு இது உதவலாம். ஏக்கர் கணக்கில் பயிர் வைத்திருக்கும் விவசாயி யாராவது இதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.


மண்டோர் மகள், குளுவாங்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜப்பான்காரர்கள் சோயாவில் செய்தது என்றதும், "எத்தனை இலை இருக்கும்போது வச்சாங்களாம்?" என்றுதான் கேட்டார். கண்டக்டர் ஐயா சொன்ன மாமோர் வண்டுக் கதை அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. பூத்தூள் அடித்த பெண்களுக்கு வேறு வேலை கொடுத்ததைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்.

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு அடியை அளந்தே பார்த்துவிட்டேன். எங்கள் வெண்டை வரிசைகளுக்கு நடுவே அவ்வளவு இடம்கூட இல்லை. வேலியோரப் பயற்றங்காய்க்குத்தான் எட்டாது. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. கடிபட்ட செடி தன் சக்தியைச் செலவழித்துப் பக்கத்துச் செடிக்கு எதற்கு உதவ வேண்டும்? அப்புறம், எச்சரிக்கை கிடைத்த செடி எந்நேரமும் விஷத்தைச் செய்துகொண்டே இருந்தால் காய் குறைந்துவிடாதா?


பதில்: உயிரியல் ஆசிரியை, பத்து பகாட்

அக்கா, இந்த இரண்டு கேள்வியையும் ஆராய்ச்சியாளர்களே ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் கேள்விக்கு மெக்சிகோவில் லைமா பீன் கொடியை வைத்து ஹைல், சில்வா புவெனோ என்ற இருவர் 2007-இல் எழுதியதுதான் எனக்குத் திருப்தியான பதில். ஒரு செடியின் உள்ளே இலைக்கு இலை நேர்க் குழாய் இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் இரண்டு இலைகள் வெவ்வேறு நரம்பில் தொங்கலாம். சாறு வழியாகச் சேதி போவதைவிடக் காற்று வழியாகப் போவது சுருக்கு வழி. கடிபட்ட இலை தன் கொடியின் மற்ற இலைகளுக்கு விட்ட வாசனை அது. நெருங்கி நிற்கும் செடிக்கும் அது படுகிறது, அந்தச் செடி பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டு அடி தூரம் ஏன் போதுமானது என்பதும் இதில் விளங்கும். ஒரு செடியின் கிளைகளுக்குள் அவ்வளவு தூரம்தானே இருக்கும்?

இரண்டாவதற்கும் பதில் உண்டு. நீங்கள் சொல்வது சரி, தற்காப்புக்குச் சக்தி செலவாகும், வளர்ச்சி குறையும். அதனால் வாசனை மட்டும் பட்ட செடி பெரும்பாலும் முழு வேலையையும் தொடங்குவதில்லை. 2004-இல் ஏங்கல்பெர்த்தும் அவருடன் இருந்தவர்களும் சோளத்தில் இதைக் காட்டினார்கள். பச்சை வாசனை பட்ட நாற்றையும் படாத நாற்றையும் பிற்பாடு கிழித்துப் புழு எச்சிலைத் தடவியபோது, வாசனை பட்டிருந்த நாற்று தற்காப்பைத் தூண்டும் ஜாஸ்மோனிக் அமிலத்தையும் குளவியைக் கூப்பிடும் வாசனைகளையும் கூடுதலாக உண்டாக்கியது. அரிசியை ஊறவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்தால் சீக்கிரம் சோறாகிவிடும், வராவிட்டால் விறகு மிச்சம்.

உரக்கடைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. வாசனையை வைத்துப் பூச்சியைச் சமாளிப்பது ஏக்கர் கணக்கிலும் நடந்திருக்கிறது. கென்யாவில் ஐசிப் என்ற பூச்சி ஆராய்ச்சி மையத்தில் ஜெயாவுர் கான், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 1990-களில் தொடங்கிய முறை அது. சோளத்துக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி, வயல் ஓரத்தில் நேப்பியர் புல். நடுவில் இருப்பதன் வாசனை தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சியை விரட்டுகிறது, ஓரத்துப் புல்லின் வாசனை அதை இழுத்துக்கொள்கிறது. மொலாசஸ் புல்லை ஊடுபயிராக வைத்தபோது குளவிகளும் கூடுதலாக வந்தன என்று 1997-இல் எழுதினார்கள். நேப்பியர் புல் இங்கே மாட்டுக்குப் போடுவது. டெஸ்மோடியத்தின் இன்னொரு வகை நம் எஸ்டேட்களில் இளங்கன்றுகளுக்கு நடுவே நிலம் மூட விதைத்ததுதான், கண்டக்டர் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். எந்தச் செடியை எந்தப் பயிரோடு வைப்பது என்று வருடக்கணக்கில் தேடித் தேர்ந்தெடுத்த முறை அது, அந்த உழைப்பு இல்லாமல் நடக்காது. அந்த அளவில் உங்கள் கவலை எனக்கும் உண்டு.

கடிபட்ட கத்திரியைப் பிடுங்க வேண்டாம். புழுவை எடுத்துவிட்டு இலையை அப்படியே விடுங்கள். அடுத்த முறை வெண்டை போடும்போது நடு வரிசைகளிலேயே ஒரு பாதியில் மட்டும் அப்பா புல் அறுத்துப் போடட்டும், மறு பாதியில் புல்லை வேரோடு பிடுங்கி வெளியே கொட்டுங்கள். அப்போது வேலியும் நிழலும் இரண்டு பாதிக்கும் ஒன்றாகிவிடும். ஓட்டை விழுந்த இலைகளை எண்ணி எழுதி வைத்துக்கொண்டு இங்கே போடுங்கள், என் மாணவர்களுக்கும் காட்டுகிறேன்.


ஓய்வு பெற்ற கண்டக்டர், குளுவாங்

டெஸ்மோடியம் தெரியாமலா டீச்சர், எத்தனை மூட்டை விதைத்திருப்போம்!

தங்கச்சி, டீச்சர் சொன்னபடி பாதி பாதியாகச் செய்து பார். அதோடு வேலியோரத்தில் டர்னெரா நட்டுவிடு. நாற்று வாங்கக் காசு செலவழிக்காதே. ரோட்டோரத்தில் நிற்பதில் ஒரு சாண் அளவு குச்சியாக ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் பாலிபேக்கில் குத்தி வைத்துத் தண்ணீர் காட்டு. வேர் பிடித்ததும் வேலியில் வை. வெயில் படுகிற இடமாகப் பார்த்துக்கொள், அப்பாவும் குனிய வேண்டியதில்லை.